முடிவு செய்யாதோர் மூலை

ஹார்லன் வோஸ் அரசியலில் இறங்கியதற்கு ஒரு சூடேற்றியைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எங்கள் பக்கம், கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யாராக இருக்கலாம் என்று ஊர்க்காரர்கள் சொல்வதற்குச் சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. ஜனவரிக் குளிரில் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் கூட வேண்டும். பிடித்த வேட்பாளரின் பெயர் அட்டைக்குக் கீழே போய் நிற்க வேண்டும். நின்ற இடம்தான் ஓட்டு. நகர்ந்தால் ஓட்டும் கூடவே நகர்ந்துவிடும். காப்பி எடுக்கப் போனவர் எதிரணிக் கணக்கில் சேர்ந்து, அதை மறுக்கக் கூச்சப்பட்டுக் கடைசிவரை அங்கேயே நின்ற கதைகள் எங்களிடம் நிறைய உண்டு. உலகத்திலேயே தூய்மையான ஜனநாயகம் இதுதான் என்று வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்து எழுதிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் நாற்காலி கொடுத்துவிடுவோம். அவர்கள் நிற்க வேண்டியதில்லை.

ஹார்லன் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். அன்று விடியற்காலையிலிருந்து வண்டியில் இருந்துவிட்டு, விறைத்த கையோடு கூட்டத்துக்கு வந்தவர், சூடேற்றி இருந்த மூலையாகப் பார்த்து நின்றார். தலைக்கு மேலே ‘முடிவு செய்யாதோர்’ என்று அட்டை தொங்கியது. பார்த்த பிறகும் அவர் நகரவில்லை. அவருக்கும் முடிவு இல்லைதான்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை இழுத்து மூடிவிட்டார்கள். இனிப் பிள்ளை பெற வேண்டுமானால் பெல்டன் நகரத்துக்குப் போக வேண்டும். நல்ல வானிலையிலேயே ஒன்றரை மணி நேரம். டிசம்பரில் ஒரு பெண் போகிற வழியில் காரிலேயே பெற்றாள். குழந்தை தங்கவில்லை. சாலையைத் திறந்துகொண்டு அந்தக் காரிடம் போய்ச் சேர்ந்தது ஹார்லனின் வண்டிதான். அப்போது அவருடைய சொந்த மகள் பிரிட்டா ஆறு மாதக் கர்ப்பிணி. அந்த வார்டைத் திறக்கிறேன் என்று எந்த வேட்பாளர் சொல்கிறாரோ அவர் அட்டைக்குக் கீழே போய் நிற்கலாம் என்று ஹார்லன் காத்திருந்தார். ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்து மாவட்ட மாநாட்டுக்கு இந்த மூலையிலிருந்து யார் பிரதிநிதியாகப் போவது என்று கேட்டபோது எல்லோரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். ஹார்லன் காப்பியை ஊதிக்கொண்டிருந்ததால் தலை நிமிர்ந்திருந்தது. ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மற்ற வேட்பாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, ஆளுநர் வின்ஸ்லோவும் செனட்டர் கால்டரும் மட்டும் மிஞ்சினார்கள். எங்கள் மாவட்டத்தில் இருவருக்கும் சரிசமமான பலம். அப்போதுதான் இரண்டு பக்கமும் முடிவு செய்யாதோரைத் திரும்பிப் பார்த்தது. மதில் மேல் பூனைக்கு இரண்டு வீட்டுக்காரர்களும் பால் வைத்தார்கள்.

வின்ஸ்லோ தரப்பில் பிரெஸ்டன் என்ற இளைஞன் வந்தான். கால்டர் தரப்பில் கோர்ட்னி என்ற பெண் வந்தாள். இருவருமே பெருநகரத்துப் பிள்ளைகள். எங்கள் ஊருக்கென்று ஒரு வியாதி இருப்பது அவர்களுக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே ‘மாட்டேன்’ என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழாது. ‘மோசமில்லை’ என்றால் பிரமாதம். ‘பார்க்கலாம்’ என்றால் செத்தாலும் முடியாது.

“ஆளுநர் வின்ஸ்லோவப் பத்தி என்ன நெனைக்கிறீங்க சார்?” என்று பிரெஸ்டன் வண்டிக் கொட்டகைக்கே வந்து கேட்டான்.

ஹார்லன் வண்டிக்கு அடியிலிருந்து யோசித்தார். “ஆளு ஒரு மாதிரிதான்.”

அந்த ஆளை நம்பி நாயைக்கூட விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்பது இதற்குப் பொருள். ‘ஆளுநரின் தனித்தன்மையை மதிக்கிறார், நம் பக்கம் சாய்கிறார்’ என்று பிரெஸ்டன் தலைமையகத்துக்குச் சொன்னான்.

மறுநாள் கோர்ட்னி ‘ஆப்பிள் பை’ என்ற பலகாரத்தைத் தானே சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். ஹார்லன் ஒரு துண்டு சாப்பிட்டு, அடுப்பில் வைத்ததைச் சீக்கிரம் எடுத்துவிட்டாள் என்பதைக் கண்ணியமாகத் தெரிவிக்க, “வித்தியாசமா இருக்கு” என்றார். அன்று மாலையே அவர் செனட்டர் கால்டர் பக்கம் சாய்ந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். இப்படி மாற்றி மாற்றிச் சாய்ந்துகொண்டிருந்தார் ஹார்லன், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே.

தன் கேள்வியையும் அவர் கேட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் ‘அருமையான கேள்வி’ என்றார்கள். ஒரு நாள் ஆளுநரே தொலைபேசியில் வந்தார். தன்னைப் பெற்றெடுக்கத் தன் தாயார் பட்ட பாட்டை உருக்கமாகச் சொன்னார். பிறகு, “உங்க ஆதரவ நான் நம்பலாமா?” என்றார்.

“பார்க்கலாம்ங்க” என்றார் ஹார்லன். வாழ்க்கையில் அவர் இவ்வளவு கடுமையாக யாரிடமும் பேசியதில்லை. ஆளுநர் மிகவும் மகிழ்ந்துபோனார்.

மார்ச்சில் மாநாடு. அன்று காலையிலிருந்தே பனி கொட்டியது. எந்த நேரமும் அழைப்பு வரும் என்பதால் ஹார்லன் தன் பனி வண்டியிலேயே வந்து, அதைப் பள்ளி வாசலில் நிறுத்தியிருந்தார். மாநாட்டுக்குத் தலைவர் மெர்ல் ஹாகன். எங்கள் ஊர்ச் சவ அடக்க நிலையத்தின் முதலாளி. அவருக்கு ஒரே ஒரு குரல்தான் உண்டு. துக்க வீட்டில் பேசுகிற குரல்.

“அவசரப்படாம, அமைதியா, அவங்கவங்க எடத்துக்குப் போய்ச் சேருங்க” என்றார் மெர்ல். “நேரம் வந்ததும் நான் விசில் ஊதுவேன். அதுக்கப்புறம் கதவ மூடிடுவோம். யாரும் திரும்பிப் போக முடியாது.”

பிறகு விதியை விளக்கினார். கூடத்தில் உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது இல்லாத மூலை, மூலையே இல்லை. அது கலைந்து, அதிலிருந்தவர்கள் வேறு மூலைக்குப் போய்விட வேண்டும். முடிவு செய்யாதோர் மூலையில் தேவையான தலைகள் மிகச் சரியாக இருந்தன. ஒரு தலை போனாலும் மூலை செத்தது.

அந்த மூலைக்குத் தலைவி லவோன் டெக்கர் அம்மையார். வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பல தேர்தல்களாக முடிவு செய்யாமலே இருந்து அதை ஒரு கொள்கையாக வளர்த்தெடுத்தவர். என்ன வந்தாலும் முடிவு செய்வதில்லை என்பதில் உறுதியாக இருப்போம் என்று எல்லோரிடமும் கையை உயர்த்தச் சொல்லி உறுதிமொழி வாங்கியிருந்தார். “நம்மள்ல ஒரு ஆளு தடுமாறினாலும் அது துரோகம்” என்றார்.

மெர்ல் விசில் ஊதினார். கதவுகளை மூடினார்கள். ஹார்லனின் தொலைபேசி அடித்தது.

“அப்பா, பனிக்குடம் ஒடஞ்சிருச்சு” என்றாள் பிரிட்டா.

“இன்னும் ரெண்டு வாரம் இருக்குன்னாங்களே? மாப்ள டேரல் எங்க?”

“நெப்ராஸ்கால லாரியோட மாட்டிக்கிட்டாரு. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணேன். முன்னாடி பனி தள்ளுற வண்டி போனாத்தான் அவங்க வருவாங்களாம். அந்த வண்டி எங்கப்பா?”

ஹார்லன் சன்னல் வழியாகப் பார்த்தார். வண்டி வாசலில்தான் நின்றது. அதன் முன்தகட்டின் மேல் பனி ஏறிக்கொண்டிருந்தது.

“இதோ வர்றேம்மா” என்று சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தார். வாசலில் இரண்டு தொண்டர்கள் கைகோத்து நின்றார்கள். மெர்ல் ஓசையில்லாமல் பக்கத்தில் வந்து நின்றார். அது அவருக்குத் தொழில் பழக்கம்.

“கணக்கெடுப்பு முடியற வரைக்கும் கதவு தெறக்காது, ஹார்லன்.”

“எம் பொண்ணுக்கு வலி எடுத்திருச்சு, மெர்ல்.”

“வாழ்த்துகள்” என்றார் மெர்ல், மனம் நெகிழ்ந்து. “எங்க தொழில்ல இதச் சொல்ல வாய்ப்பே கெடைக்கறதில்ல. ஆனா விதி விதிதான். உடம்புக்கு முடியாத பிரதிநிதி மட்டும்தான் வெளிய போகலாம். உங்களுக்கு வலி இருக்கா?”

“அவளுக்கு இருக்கு.”

“அவங்க பிரதிநிதி இல்லையே.”

இது நுட்பமான விஷயம் என்பதால் அந்த இடத்திலேயே விதிக்குழு கூட்டப்பட்டது. மகளின் பிரசவ வலி தந்தையின் உடல் இயலாமை ஆகுமா? ஆகும் என்றார் ஒருவர். மகளின் வலி என்றால் ஆகாது, மனைவியின் வலி என்றால் யோசிக்கலாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், முதல் வலியா அடுத்தடுத்து வருகிறதா என்பதைப் பிரதிநிதியே எழுந்து நின்று கூடத்துக்கு விளக்க வேண்டும் என்றார். ஹார்லன் நின்றுகொண்டுதான் இருந்தார். அவருடைய காதில் டிசம்பர் மாதத்து அந்தக் காரின் எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் போய்ச் சேர்ந்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது; உள்ளே இருந்தவள் அழக்கூட இல்லை. அவருக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. எங்கள் ஊரில் யாரும் கத்தியதில்லை என்பதால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

குழு முடிவெடுப்பதற்குள் பிரெஸ்டன் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டான். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்தாயிற்று.

“நண்பர்களே! இந்த நிமிஷம், இந்த மாவட்டத்துல, ஒரு தாய் வலியில துடிச்சிட்டிருக்காங்க! பக்கத்துல ஆஸ்பத்திரி இல்ல! ரோட்டத் தெறந்துவிட ஆள் இல்ல! இந்தக் கொடுமைய ஆளுநர் வின்ஸ்லோ ஒரு நாளும் பொறுத்துக்க மாட்டாரு! அதனாலதான் சொல்றேன், இந்தத் தகப்பன் எங்க அட்டைக்குக் கீழ வந்து நிக்கிற வரைக்கும் அவர இந்தக் கூடத்த விட்டு நாங்க நகர விடமாட்டோம்!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கோர்ட்னி விட்டுக்கொடுப்பாளா?

“செனட்டர் கால்டருக்குப் பிரசவத்தப் பத்தி யாரும் பாடம் நடத்த வேண்டாம்! அவங்க ரெண்டு புள்ள பெத்தவங்க! ரெண்டாவது புள்ள பொறக்கறப்போ ஒரு மசோதாவுக்கு ஓட்டும் போட்டாங்க! அந்தத் தாயோட தனிமைய எங்களால மட்டும்தான் புரிஞ்சுக்க முடியும். அவங்களுக்காக எல்லாரும் எழுந்து மௌனமா நிக்கணும்னு கேட்டுக்கறேன்!”

மௌனம் என்ற சொல்லைக் கேட்டதும் மெர்லின் தலை தானாகக் குனிந்தது. கைகள் வயிற்றின் மேல் கூடின. கூடம் முழுக்கத் தலை கவிழ்ந்தது. மௌனத்தை எப்போது முடிக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லாததால் அது நீண்டுகொண்டே போனது. நடுவில் ஹார்லனின் தொலைபேசி அடித்தது.

“அப்பா, எங்கதான் இருக்கீங்க? என்ன பண்ணிட்டிருக்கீங்க?” பிரிட்டாவின் குரல் உடைந்திருந்தது.

“உனக்காக மௌனமா நிக்கிறோம்மா” என்று ஹார்லன் கிசுகிசுத்தார்.

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். நடந்தார்.

லவோன் அம்மையார் பாய்ந்து அவர் கோட்டைப் பிடித்தார். “நீங்க போனா நாங்க செத்தோம் ஹார்லன்! நாப்பது வருஷமா நான் எதையும் முடிவு செஞ்சதில்ல! இந்த வயசுல என்ன முடிவு செய்ய வெச்சிடாதீங்க!”

ஹார்லன் கோட்டை அவர் கையிலேயே விட்டுவிட்டு உருவிக்கொண்டார். வெறும் சட்டையோடு நடந்தார். வழி செனட்டர் கால்டரின் மூலையை ஒட்டிப் போயிற்று. “வந்துட்டாரு! எங்க பக்கம் வந்துட்டாரு!” என்று அங்கே கூச்சல் எழுந்தது. காப்பி மேசை குறுக்கே இருந்ததால் அவர் விலகி ஆளுநர் வின்ஸ்லோவின் மூலையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினார். அங்கே தொப்பிகள் பறந்தன. முதுகுப் பக்கத்திலிருந்து லவோன் கோட்டைத் தூக்கிப் பிடித்து, “கோட்டு இங்கதான் இருக்கு! கோட்டு இன்னும் முடிவு செய்யல!” என்று முழங்கினார். கதவில் நின்ற தொண்டர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைகளைப் பிரித்தார்கள்.

பிரிட்டாவின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அவளை ஏணிப்படியில் தூக்கி ஏற்றி உட்கார வைப்பதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

“வேகமா போங்கப்பா.”

“வேகமா போனா பள்ளத்துல எறங்கிடுவோம்மா. மூச்ச விடு. நல்லா விடு.”

கண்ணாடிக்கு வெளியே வானமும் இல்லை, நிலமும் இல்லை. சாலை எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்பதை வேலிக்கம்பங்களை வைத்து ஊகித்துத்தான் ஹார்லன் ஓட்டினார். சில இடங்களில் கம்பங்களும் இல்லை. முன்தகடு பனியைச் சுருட்டி ஓரத்தில் வீசியது. டிசம்பரில் அந்தக் கார் நின்ற வளைவு வந்தது. தெய்வமே, இவளையாவது விட்டுவை என்று மனதுக்குள் கெஞ்சினார்.

பிரிட்டா பக்கக் கண்ணாடியில் எதையோ பார்த்துவிட்டாள். “அப்பா, நம்ம பின்னாடி யாரு?”

பின்னால் விளக்குகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மூன்று தரப்பும் ஹார்லனைத் தங்கள் கணக்கில் எழுதிவிட்டதால், ஆளை நேரில் கேட்காமல் கணக்கை முடிக்க முடியாது என்று மெர்ல் தீர்ப்புச் சொல்லியிருந்தார். மாநாடு ஹார்லனைத் தேடிப் புறப்பட்டுவிட்டது. அன்று மாவட்டத்திலேயே திறந்திருந்த சாலை ஹார்லன் திறந்துகொண்டு போன சாலைதான். முதலில் பிரெஸ்டனின் கார், பிறகு கோர்ட்னியின் வேன், அதில் கோட்டோடு லவோன். எல்லாவற்றுக்கும் பின்னால், நீளமாகக் கறுப்பாக, மெர்லின் சவ ஊர்தி.

“பொண வண்டியாப்பா அது?” என்றாள் பிரிட்டா.

“அதப் பாக்காத. முன்னாடி பாரு.”

ஒரு முறை, வேலிக்கம்பம் தெரியாமல் ஹார்லன் வேகத்தைக் குறைத்தபோது, பின்னாலிருந்து இரண்டு தரப்பும் ஒலிப்பானை அடித்து உற்சாகப்படுத்தின. வானொலியில், முடிவு செய்யாத பிரதிநிதி ஒருவர் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கிச் செல்வதாகவும், யாருக்காக என்பது விரைவில் தெரியும் என்றும் சொன்னார்கள். பிரிட்டா காலால் வானொலியை உதைத்தாள். அதற்குப் பிறகு அது பேசவில்லை. வலிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஹார்லன் ஒரு கையால் ஓட்டி, மறு கையை அவளுக்குக் கொடுத்தார். அவள் பிடித்த பிடியில் விரல் எலும்புகள் நொறுங்கும்போல இருந்தது. இறுக்கிப் பிடிக்கட்டும், பிடிக்கிறவரை உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பெல்டன் ஆஸ்பத்திரி வாசலில் பனித் திட்டின் மேலேயே வண்டியை ஏற்றி நிறுத்தினார். ஆட்கள் ஓடி வந்து பிரிட்டாவை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சாத்தப்பட்டது.

சுவரில் சாய்ந்து நின்ற ஹார்லன் கண்ணைத் திறந்தபோது மாநாடு வந்து சேர்ந்திருந்தது. நடைபாதையின் இடப்பக்கச் சுவரை ஒட்டி வின்ஸ்லோ ஆட்கள். வலப்பக்கம் கால்டர் ஆட்கள். குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் லவோன். எல்லோர் தோளிலும் பனி. மெர்ல் நடுவில் வந்து நின்று, பழகிய குரலில், “உங்க மனசு இப்ப எந்த நெலமையில இருக்கும்னு எனக்குத் தெரியும்” என்று தொடங்கினார். பிறகு விசிலை எடுத்தார்.

“ஒரே ஒரு எட்டு எடுத்து வைங்க சார், போதும்” என்று பிரெஸ்டன் கெஞ்சினான்.

“இந்தப் பக்கம் நாற்காலி இருக்கு” என்றாள் கோர்ட்னி.

ஹார்லன் அசையவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் பிரிட்டா அலறினாள். பிறகு அலறல் நின்றது. அந்த அமைதியில் ஹார்லனுக்கு உயிரே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அழுகைச் சத்தம் வந்தது, சின்னதாக, கோபமாக.

நர்ஸ் வெளியே வந்தார். “பொண்ணு. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா வண்டியிலயே ஆகியிருக்கும். கழுத்தச் சுத்திக்கிட்டிருந்த கொடிய அங்க வெச்சு எடுத்திருக்க முடியாது.” சுற்றிலும் பார்த்தார். “யாரு இவங்கெல்லாம்? சொந்தக்காரங்களா?”

“ஒரு மாதிரி” என்றார் ஹார்லன். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

“அடுத்த புள்ளைக்கு இங்க வந்து நிக்காதீங்க” என்றார் நர்ஸ். “ஜூன் மாசத்தோட இந்த வார்டையும் மூடறாங்க.”

ஹார்லன் பிரெஸ்டன் பக்கம் திரும்பினார். “உங்க ஆளுநர் இதுக்கு என்ன செய்வாரு?”

பிரெஸ்டன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஒதுங்கினான். திரும்பி வந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டான். “ஆளுநர் இந்த விஷயத்துல ரெண்டு தரப்பையும் ரொம்பக் கவனமா கேட்டுட்டிருக்காரு. இன்னும் எந்த நெலைப்பாடும் எடுக்கல சார்.”

“உங்க செனட்டரு?”

“தேர்தல் முடிஞ்சதும் யோசிக்கறதுக்கு ஒரு குழு போடுவாங்க” என்றாள் கோர்ட்னி. “இப்பவே எதுவும் சொல்லிட்டா அது அவங்கள கட்டிப்போட்டுரும், இல்லையா?”

லவோன் அம்மையாரின் முகம் சிவந்தது. “அப்ப அவங்க ரெண்டு பேரையும் என் மூலையில வந்து நிக்கச் சொல்லு!” என்றார். அவர் வாழ்க்கையில் எடுத்த முதல் முடிவு அதுதான். கோட்டை ஹார்லனிடம் நீட்டினார்.

சன்னலுக்கு வெளியே பனி இன்னும் வேகமாகக் கொட்டியது. வந்த தடம் மூடிப்போய்விட்டது. பிரெஸ்டனின் கார் ஒரு வெள்ளைக் குவியலாகி, சவ ஊர்தியின் கூரை மட்டும் கறுப்பாக எட்டிப் பார்த்தது. மெர்லுக்கு அப்போதுதான் அடுத்த விதி நினைவுக்கு வந்தது. கணக்கைப் பள்ளிக் கூடத்தில் வைத்துத்தான் முடிக்க வேண்டும். இன்று மாலைக்குள் முடிக்காவிட்டால் மாவட்டத்தின் கணக்கே செல்லாது.

“ஹார்லன்” என்றார் மெர்ல். துக்கக் குரலில் முதன்முறையாக உண்மையான துக்கம் இருந்தது. “நாங்க திரும்பிப் போறதுக்கு நீங்க முன்னாடி போய் ரோட்டத் தெறக்கணும். எப்ப கெளம்புறீங்க?”

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். ஹார்லன் பிரசவ அறைக் கதவின் மேல் கையை வைத்தார்.

“இன்னும் முடிவு பண்ணல” என்று சொல்லிவிட்டுப் பேத்தியைப் பார்க்க உள்ளே போனார்.